ஷேக்ஸ்பியர் வகுப்பில் கம்பன்

1925 அக்டோபர் 22. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பி.ஏ. படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று ஓர் உறுப்பினர் எழுந்து பேசினார். பேசி முடித்துச் சிறிது நேரத்துக்குள் அந்த மன்றத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 53. பெயர் அ. மாதவையா.

தமிழுக்காகப் பேசிய கையோடு இறந்தவர் என்றதும் பழுத்த புலவர் ஒருவரின் உருவம்தான் மனசில் எழும். மாதவையா அப்படிப்பட்டவர் இல்லை. உப்பு, ஆப்காரி இலாகாவில் அதிகாரியாக இருந்தவர். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அதே கை ஆங்கிலத்திலும் வரிசையாக நாவல்கள் எழுதியது. ‘தில்லை கோவிந்தன்’ சென்னையில் 1903-இல் வெளிவந்து, 1916-இல் லண்டனில் மறுபதிப்பும் கண்டது. இந்த ஆங்கிலத்துக்கு அடித்தளம் போட்ட இடம் சென்னைக் கிறித்துவக் கல்லூரி. 1892-இல் அவர் அங்கே பி.ஏ. முடித்தார்.

ஆங்கில இலக்கியம் படிக்கப் போன பிள்ளை தமிழை மறந்துவிடுவான் என்பது அன்றும் இன்றும் வீட்டுத் திண்ணைகளில் கேட்கும் பேச்சு. மிஷன் கல்லூரிக்குப் போனால் மதமும் மாறிவிடுவான் என்ற பயம் அன்றைக்குக் கூடுதலாக இருந்தது. நடந்தது என்ன என்று பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. தமிழ் நாவல், தமிழ் நாடக இலக்கணம், தமிழ் இலக்கிய வரலாறு, பழந்தமிழ் நூல்களின் பதிப்பு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மிஷன் கல்லூரியில் ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் படித்த ஒருவர், அல்லது அங்கே பாடம் நடத்திய ஒருவர் நிற்கிறார்.

பாடம் பிறந்த கதை

ஆங்கில இலக்கியம் ஒரு கல்லூரிப் பாடமாக வேரூன்றியது இங்கிலாந்தில்தான் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டில் அது தனிப் பட்டப்பாடமானது 1894-இல்தான். அதுவரை அங்கே கிரேக்கமும் லத்தீனும்தான் இலக்கியக் கல்வி. ஆங்கிலக் கவிதையை ஓய்வு நேரத்தில் படித்துக்கொள்ளலாம், அதற்கு வகுப்பு எதற்கு என்பது பெரிய மனிதர்களின் எண்ணமாக இருந்தது. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே கல்கத்தாவிலும் சென்னையிலும் மாணவர்கள் மில்டனைப் படித்துத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இதற்குக் காரணம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி மத விஷயத்தில் நடுநிலை காப்பதாகச் சொல்லிக்கொண்டது. அரசுப் பள்ளிகளில் பைபிளை நேரடியாகக் கற்பிக்க முடியாது. ஆனால் ஆங்கிலக் கவிதைக்குள்ளும் கட்டுரைக்குள்ளும் கிறித்தவ ஒழுக்கமும் பைபிள் கதைகளும் ஊறிக் கிடக்கின்றன. இலக்கியத்தைக் கற்பித்தால் மற்றது தானாக வந்து சேரும் என்று கணக்குப் போட்டார்கள். 1835-இல் மெக்காலேயின் குறிப்பு வந்த பிறகு இந்தப் போக்கு வேகம் பிடித்தது. கௌரி விஸ்வநாதன் 1989-இல் வெளியிட்ட ஆய்வு நூல் ஒன்றில் இந்த வரலாற்றை ஆவணங்களோடு எழுதியிருக்கிறார். உலகெங்கும் ஆங்கிலத் துறைகளில் இன்று அது படிக்கப்படுகிறது.

மிஷன் கல்லூரிகளுக்கு இந்த மூடுதிரை தேவைப்படவில்லை. அங்கே பைபிள் வகுப்பு வெளிப்படையாகவே நடந்தது. இலக்கிய வகுப்பும் பக்கத்திலேயே நடந்தது. 1830-இல் கல்கத்தாவில் அலெக்சாண்டர் டஃப் தொடங்கிய கல்விக்கூடம் இதற்கு முன்மாதிரி. ஸ்காட்லாந்திலிருந்து வந்த மிஷனரிகள் அதே வழியைச் சென்னைக்கும் கொண்டுவந்தார்கள். எழும்பூரில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் போதகர்கள் 1835-இல் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார்கள். 1837-இல் ஜான் ஆண்டர்சன் வந்து பொறுப்பேற்றார். அந்தப் பள்ளி வளர்ந்துதான் சென்னைக் கிறித்துவக் கல்லூரி ஆயிற்று. இன்று தாம்பரத்தில் 365 ஏக்கர் காட்டுக்குள் இருக்கும் கல்லூரி, 1937-இல் அங்கே குடிபோகும் வரை நூறாண்டுக் காலம் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, ஜார்ஜ் டவுன் சந்தடிக்குள்தான் நடந்தது.

மில்லர் துரையின் வகுப்பு

1862-இல் வந்து சேர்ந்த வில்லியம் மில்லர்தான் அந்தக் கல்லூரிக்குப் பேர் வாங்கித் தந்தவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே பணியாற்றினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே மாணவர்களும் நகரத்தாரும் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

மாணவர்களை மதம் மாற்றுவதே கல்லூரியின் வேலை என்று மில்லர் கருதவில்லை. கிறித்தவச் சிந்தனை சமூகத்துக்குள் மெல்லப் பரவ வேண்டும், அது போதும் என்பது அவர் வாதம். இதனால் சக மிஷனரிகளின் விமர்சனத்துக்கும் ஆளானார். இந்தப் பரவலுக்கு அவர் பிடித்த கருவிகளில் ஒன்று ஷேக்ஸ்பியர். லியர் அரசன், மேக்பெத், ஹேம்லட், ஒத்தெல்லோ ஆகிய நான்கு துன்பியல் நாடகங்களைப் பற்றி அவர் எழுதியவை நூல்களாக வந்தன. மனித வாழ்க்கைக்கான வரைபடம் ஷேக்ஸ்பியரிடம் இருக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை. லியர் நாடகத்தை இந்திய அரசியலோடு பொருத்தியே ஒரு நூல் எழுதினார். பாகப் பிரிவினையில் தொடங்கி அழிவில் முடியும் அந்தக் கதையை, காங்கிரஸ் மாநாடுகள் கூடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியார் இந்திய வாசகர்கள் முன் வைத்தார்.

இந்த மில்லருடைய வகுப்பில்தான் தமிழுலகம் வழிவழியாகச் சொல்லிவரும் ஒரு நிகழ்ச்சி நடந்ததாகக் கேள்வி. டென்னிசனின் ஆர்தர் அரசன் கவிதையைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார் மில்லர். இறக்கும் தறுவாயில் இருக்கும் ஆர்தரை ஏற்றிக்கொண்டு படகு நகர்கிறது. அது அன்னப்பறவை நீந்துவதைப் போல இருக்கிறது என்கிறான் கவிஞன். உவமையின் அழகை மில்லர் வியந்து பேசினார். சூரியநாராயணன் என்ற மாணவர் எழுந்தார். கங்கையில் குகன் செலுத்திய ஓடத்துக்குக் கம்பர் இதே அன்னத்தைத்தான் உவமையாகச் சொல்லியிருக்கிறார், அதுவும் பல நூற்றாண்டுகள் முன்பே என்று பாட்டைச் சொல்லி விளக்கினார். மில்லர் கோபப்படவில்லை, மகிழ்ந்து பாராட்டினார் என்பது கேள்வியின் மிச்சம்.

அந்த மாணவர்தான் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரி. பரிதிமாற் கலைஞர் என்றால் எல்லோருக்கும் தெரியும். படித்த கல்லூரியிலேயே தமிழாசிரியராகச் சேர்ந்தார். வகுப்பில் படித்த ஆங்கில நாடகங்கள் அவரை விட்டுவிடவில்லை. தமிழில் நாடகத்துக்கு இலக்கணம் இல்லையே என்று பார்த்தார். வடமொழி மரபையும் மேனாட்டு மரபையும் எடுத்துவைத்துக்கொண்டு ‘நாடகவியல்’ எழுதினார். அதுவும் பழைய இலக்கண நூல்களைப் போலச் செய்யுளில். ‘ரூபாவதி’, ‘கலாவதி’ என்று நாடகங்களும் எழுதினார்.

ஆங்கிலத்தில் பதினான்கு அடியில் பாடும் சானெட் வடிவமும் அவரை ஈர்த்தது. அதே அளவில் தமிழ்ச் செய்யுள் செய்து பார்த்தார். தன் பெயரில் வெளியிட்டால் தெரிந்தவர்கள் முகத்துக்காகப் பாராட்டுவார்கள். ஆகவே சூரியன் பரிதியாகவும், நாராயணன் மாலாகவும், சாஸ்திரி கலைஞராகவும் மாறிய புனைபெயரில் வெளியிட்டார். ‘தனிப்பாசுரத் தொகை’ என்ற அந்த நூலால்தான் பரிதிமாற் கலைஞர் என்ற பெயர் நிலைத்தது. தனித்தமிழ் இயக்கத்தின் முன்னோடிப் பெயராக இன்று நாம் கொண்டாடுவது, ஆங்கிலச் செய்யுள் வடிவம் ஒன்றை முயன்று பார்த்தபோது சூட்டிக்கொண்ட பெயர்.

பக்கத்து அறை ஆங்கில ஆசிரியர்

அதே கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர் மு.சி. பூர்ணலிங்கம் பிள்ளை, திருநெல்வேலிச் சீமை முந்நீர்ப்பள்ளத்துக்காரர். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து 1897-இல் ‘ஞானபோதினி’ என்ற மாத இதழைத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தாய்மொழிகளை நீக்கிவிடலாம் என்ற யோசனை 1902 வாக்கில் எழுந்தபோது இருவரும் சேர்ந்தே எதிர்த்து ஆதரவு திரட்டினார்கள். அடுத்த ஆண்டே, 33 வயதில், பரிதிமாற் கலைஞர் காலமானார்.

பூர்ணலிங்கம் பிள்ளை 1904-இல் தமிழ் இலக்கியத்துக்கு ஓர் அறிமுக நூலை ஆங்கிலத்தில் எழுதினார். ஆங்கில இலக்கிய வரலாற்று நூல்கள் எப்படிக் காலம் பிரித்து, ஆசிரியர் பெயர் சொல்லி, நூல் சுருக்கம் தந்து நகருமோ அந்த நடையில் தமிழுக்கும் ஒரு வரலாறு கிடைத்தது. பிறகு அதையே விரித்து 1929-இல் பெரிய நூலாக்கினார். சாசருக்கும் ஸ்பென்சருக்கும் ஆண்டு சொல்லிப் பாடம் நடத்துகிறவருக்கு, நம் புலவர்களுக்கும் அப்படி ஒரு வரிசை வேண்டாமா என்று தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இராவணனைத் தலைவனாக வைத்து அவர் ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதியிருக்கிறார். மில்டனின் காவியத்தில் கடவுளை எதிர்த்து விழுந்த சாத்தானே மிடுக்காகப் பேசுகிறான் என்று ஆங்கில வகுப்புகளில் விவாதம் ஓடாத ஆண்டு கிடையாது. அந்த விவாதத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு இலங்கை வேந்தன் எப்படித் தெரிந்திருப்பான் என்று வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

எழுதப் பழகிய பக்கங்கள்

இலக்கியம் படிப்பது ஒரு பாதி. எழுத ஓர் இடம் வேண்டும் அல்லவா? கிறித்துவக் கல்லூரிக்கு அப்படி ஒரு மாத இதழ் இருந்தது. கல்லூரி மலர் என்றதும் முதல்வர் படமும் ஆண்டறிக்கையும் உள்ள புத்தகத்தை நினைக்க வேண்டாம். நகரமே வாங்கிப் படித்த பத்திரிகை அது. 1884 செப்டம்பரில் அது வெளியிட்ட கடிதங்கள் உலகச் செய்தியாயின. அடையாறு பிரம்மஞான சபையின் பிளவாட்ஸ்கி அம்மையார் காட்டிய அற்புதங்களெல்லாம் ஏற்பாடு செய்யப்பட்டவை என்று, அங்கே வீட்டு நிர்வாகம் பார்த்த எம்மா கூலோம் வெளியிட்ட குற்றச்சாட்டு அது. ஆதாரமாக பிளவாட்ஸ்கி எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதங்களையும் கூலோம் கொடுத்திருந்தார். பிளவாட்ஸ்கி தரப்பு அவற்றைப் போலி என்று மறுத்தது. லண்டனிலிருந்து விசாரணைக்கு ஆள் வந்தது.

அதே இதழில் இன்னும் முக்கியமான ஒன்று நடந்தது. கிருபாபாய் சத்தியநாதனின் ‘சகுணா’ என்ற ஆங்கில நாவல் 1887-இல் தொடங்கி அதில் தொடராக வந்தது. பிராமணக் குடும்பம் ஒன்று கிறித்தவத்துக்கு வந்த கதை. அந்த வீட்டுப் பெண்ணுக்குப் படிப்பின் மேல் உள்ள தவிப்பு. ஆங்கிலத்தில் நாவல் எழுதிய இந்தியப் பெண்களில் முதல் வரிசையில் வைக்கப்படுபவர் அவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, உடல்நலம் கெட்டதால் நடுவில் விட்டவர். ஆண்கள் மட்டுமே படித்த ஒரு கல்லூரியின் பத்திரிகையில் ஒரு பெண்ணின் கதை மாதாமாதம் அச்சானது. 1894-இல், 32 வயதில் அவர் இறந்தார். பெண்களுக்கென்று சென்னையில் மகளிர் கிறித்துவக் கல்லூரி வந்தது அதற்கு 21 ஆண்டுகள் கழித்து, 1915-இல்.

மாதவையாவும் மாணவப் பருவத்தில் தொடங்கி ஆங்கிலக் கவிதை எழுதிப் பழகியவர். அவருக்குச் சமவயதுக்காரர் பி.ஆர். ராஜம் ஐயர். வத்தலக்குண்டிலிருந்து வந்து அதே கல்லூரியில் பட்டம் பெற்றவர். ‘விவேக சிந்தாமணி’ இதழில் ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் தொடராக வந்தது. மாதவையா தன் முதல் தமிழ்க் கதையைத் தொடராக எழுதத் தொடங்கியதும் அதே இதழில்தான். தமிழின் முதல் மூன்று நாவல்கள் என்று வழக்கமாகச் சொல்லும் பட்டியலில் வேதநாயகம் பிள்ளைக்கு அடுத்த இரண்டு இடமும் இந்தக் கல்லூரி மாணவர்களுக்கே. ராஜம் ஐயர் பிறகு வேதாந்தத்தில் மூழ்கி, விவேகானந்தரின் ஊக்கத்தால் தொடங்கிய ‘பிரபுத்த பாரதம்’ என்ற ஆங்கில இதழுக்கு ஆசிரியரானார். 26 வயதில் போய்விட்டார். பைபிள் வகுப்பு நடத்திய கல்லூரியில் படித்தவர் வேதாந்தப் பத்திரிகை நடத்தினார்.

மாதவையாவிடம் இன்னொரு விசித்திரம். அவர் கடைசிவரை மதம் மாறவில்லை. ஆனால் பாளையங்கோட்டையில் கிறித்தவ சபைக்கு வித்திட்ட பிராமண விதவை கிளாரிந்தாவைப் பற்றி 1915-இல் ஆங்கிலத்தில் வரலாற்று நாவல் எழுதினார். அதற்கு முன்பே ‘சத்தியானந்தன்’ நாவலில் மிஷன் உலகத்தை உள்ளிருந்து பார்ப்பவரைப் போல, குறைநிறைகளோடு எழுதிவிட்டார். ஒத்தெல்லோவை அவர் தமிழாக்கிய விதமோ இன்னும் சுவாரஸ்யம். வெனிஸ் நகரத்து மூர் தளபதி நம் ஊருக்கு வந்தால் யாராக இருப்பான்? அயல்நாட்டவன், வீரன், உள்ளூர் உயர்குடிப் பெண்ணை மணந்தவன். பாண்டியரின் துறைமுகமான கொற்கையில் அவனை ஒரு சிங்களவனாக இறக்கினார். ‘உதயலன் என்னும் கொற்கைச் சிங்களவன்’ என்று நாடகத்துக்குப் பெயர். ஒத்தெல்லோவுக்கும் உதயலனுக்கும் உள்ள ஓசை ஒற்றுமையைச் சொல்லிப் பார்த்தால் தெரியும்.

வட்டுக்கோட்டையும் சாயர்புரமும்

சென்னைக்கு முன்பே யாழ்ப்பாணத்தில் இது நடந்தாயிற்று. அமெரிக்க மிஷனரிகள் 1823-இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். ஆங்கிலமும் தமிழும் அறிவியலும் சேர்த்துக் கற்பித்த உயர்கல்விக்கூடம் அது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் அங்கே படித்த யாழ்ப்பாணத்தார்: சி.வை. தாமோதரம் பிள்ளை, கறல் விசுவநாத பிள்ளை. தாமோதரம் பிள்ளை பிறகு கையில் எடுத்தது ஏட்டுச்சுவடிகளை. ‘வீரசோழியம்’ 1881-இல், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885-இல், ‘கலித்தொகை’ 1887-இல் அவர் பதிப்பில் அச்சேறின. உ.வே.சா.வின் ‘சீவக சிந்தாமணி’ பதிப்பு வந்த அதே பத்தாண்டு.

தெற்கே சாயர்புரம் மிஷன் கல்விக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்தவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, கிறித்தவரானவர். ஜான் பன்யனின் மோட்சப் பயணக் கதையை எடுத்துக்கொண்டார். ஒரு மனிதன் பாவ மூட்டையைச் சுமந்துகொண்டு வானநகரத்துக்கு நடந்து போகும் உரைநடைக் கதை அது. எளிய ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதை அவர் பருவம், படலம் என்று வகுத்து, விருத்தத்தில் காவியமாக்கினார். 1894-இல் வெளிவந்த அந்த நூல் ‘இரட்சணிய யாத்திரிகம்’. கிறித்தவக் கம்பர் என்று அவரைச் சொல்வதில் மிகையில்லை. பன்யனின் பாதையில் மருத நிலமும் மலையருவியும் கம்பனிடமிருந்து வந்து சேர்ந்தன.

மால்குடியில் ஒரு மிஷன் கல்லூரி

மிஷன் கல்வியின் இன்னொரு முகத்தை ஆர்.கே. நாராயண் வரைந்திருக்கிறார். சென்னையில் லூத்தரன் மிஷன் பள்ளியிலும் கிறித்துவக் கல்லூரிப் பள்ளியிலும் படித்தவர் அவர். ‘சுவாமியும் நண்பர்களும்’ நாவலில் வரும் ஆல்பர்ட் மிஷன் பள்ளியில் எபனேசர் என்ற வேதபாட ஆசிரியர் இந்துக் கடவுள்களைக் கேலி செய்வார். பையன் சுவாமிநாதன் எதிர்க்கேள்வி கேட்டுக் காதுத் திருகு வாங்குவான். சுவாமியின் அப்பா தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதுவார்.

1945-இல் வந்த ‘ஆங்கில ஆசிரியர்’ நாவலில் அதே ஆல்பர்ட் மிஷன், கல்லூரியாக வருகிறது. கதாநாயகன் கிருஷ்ணன் அங்கே ஆங்கிலம் நடத்துகிறான். முதல்வர் பிரவுன் ஓர் ஆசிரியர் கூட்டம் கூட்டுகிறார். ஒரு மாணவன் ஆங்கிலச் சொல் ஒன்றில் ஒரே ஓர் எழுத்தை விட்டுவிட்டானாம். ஆங்கில ஹானர்ஸ் படிக்கிறவன் இப்படி எழுதலாமா என்று பிரவுன் மனம் வெதும்புகிறார். ஓர் எழுத்து விட்டதற்கா இவ்வளவு அமர்க்களம் என்று கிருஷ்ணன் தன் சகாவிடம் புழுங்குகிறான். நாவலின் முடிவில் வேலையை விட்டுவிட்டுச் சின்னக் குழந்தைகளின் பள்ளிக்குப் போகிறான். இந்த நாவலும் பல கல்லூரிகளில் ஆங்கில மாணவர்களுக்குப் பாடமாக வைக்கப்பட்டிருக்கிறது.

புனைவில் கிருஷ்ணன் என்றால் நிஜத்தில் நகுலன். டி.கே. துரைசாமி என்ற இயற்பெயரில் திருவனந்தபுரம் மார் இவானியோஸ் கல்லூரியில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்தார். மாலையில் வீட்டில் உட்கார்ந்து ‘நினைவுப்பாதை’யும் சுசீலா கவிதைகளும் எழுதினார். தமிழ் நவீனத்துவத்தில் அவருக்கு இணை சொல்ல இன்னொருவரைத் தேட வேண்டும்.

இன்றைய வகுப்பறை

தமிழ்நாட்டுக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் சேரும் மாணவருக்கு முதல் பகுதியில் தமிழ் அல்லது வேறு மொழி, இரண்டாம் பகுதியில் பொது ஆங்கிலம், மூன்றாம் பகுதியில் முதன்மைப் பாடமும் துணைப் பாடமும். முதன்மைப் பாடத்தில் சாசரில் தொடங்கும் கவிதை, ஷேக்ஸ்பியர், உரைநடை, நாவல், இலக்கிய விமர்சனம், மொழியியல் என்று போகும். துணைப் பாடமாக இங்கிலாந்தின் சமூக வரலாறு. ஒரு நாட்டின் தேவாலயச் சண்டைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் தெரியாமல் அதன் நாவல் புரியாது என்பதால் இந்த ஏற்பாடு.

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து வருகிறவருக்கு முதல் செமஸ்டர் கடினம்தான். ஆங்கிலச் செய்யுளின் சந்தம் பிடிபடாது. எதுகை வந்தால் கவிதை என்று காதுக்குப் பழக்கம். மில்டனோ எதுகை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுதியவன். இங்கே சில ஆசிரியர்கள் கையாளும் ஒரு வழி உண்டு. பள்ளியில் படித்த நேரசை, நிரையசையை நினைவூட்டுவார்கள். அங்கே குறில், நெடில், ஒற்று பார்த்து அசை பிரித்தோம். இங்கே எந்த அசையில் குரல் அழுந்துகிறது என்று பார். அழுந்தாத ஒன்று, அழுந்தும் ஒன்று, இப்படி ஐந்து சோடி வந்தால் ஓர் அடி. கரும்பலகையில் கோடு போட்டு நாலு அடியைப் பிரித்துக் காட்டினால், அலகிடத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைக்கு விஷயம் சட்டென்று பிடிபடும். இங்கிலீஷ் மீடியத்தில் வந்து தமிழ் யாப்பைத் தொடாத பிள்ளை சற்று நேரம் விழிக்கும்.

தேர்வில் இரண்டடியை எடுத்துக் கொடுத்து, இது எந்தப் படைப்பு, எந்தச் சூழல், விளக்கு என்று கேட்பது பழைய முறை. அதற்குக் கைடு போதும். இன்னொன்று, பார்த்தே இராத கவிதையைப் பெயர் இல்லாமல் கொடுத்து எழுதச் சொல்வது. 1920-களில் கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் செய்துபார்த்த சோதனை அது. அங்கேயே நல்ல மாணவர்கள் தடுமாறினார்கள் என்று அவரே பதிவு செய்திருக்கிறார். இந்தக் கேள்வியைக் கேட்கும் துறையில் நோட்ஸ் வியாபாரம் படுத்துவிடும்.

1978-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி, லயோலா, மதுரை அமெரிக்கன் கல்லூரி முதலியவற்றுக்குத் தன்னாட்சி கிடைத்தது. பாடத்திட்டத்தைத் தாங்களே வகுக்கலாம், கேள்வித்தாளைத் தாங்களே எடுக்கலாம். ஆங்கிலத் துறைகளில் இந்திய ஆங்கில எழுத்து, ஆப்பிரிக்க எழுத்து, மொழிபெயர்ப்பு, இதழியல், சினிமா என்று கதவு திறந்தது. அமெரிக்கன் கல்லூரியில் பால் லவ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1980-களில் இந்திய ஆங்கில இலக்கியத்துக்கும் மொழிபெயர்ப்புக்குமென்றே ஓர் ஆய்வு மையத்தையும் நூலகத்தையும் கட்டியெழுப்பினார். ‘காவ்ய பாரதி’ என்ற கவிதை இதழும் அங்கிருந்து வந்தது. டெல்லியிலும் பம்பாயிலும் எழுதிய கவிஞர்களின் கவிதைகள் மதுரை கோரிப்பாளையத்துக்குப் பக்கத்தில் தொகுக்கப்பட்டன.

இந்தப் புதிய பாடத்திட்டங்களின் வழியாக ஆங்கில வகுப்புக்குள் வந்த நூல்களில் ஒன்று பாமாவின் ‘கருக்கு’. 1992-இல் தமிழில் வந்தது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் 2000-இல் ஆங்கிலம் போயிற்று. கிராஸ்வேர்ட் பரிசு பெற்றது. கன்னியாஸ்திரியாக மடத்தில் சேர்ந்து, அங்கேயும் சாதி இருப்பதைக் கண்டு வெளியேறிய ஒரு தலித் பெண்ணின் தன்வரலாறு. கிறித்தவ நிறுவனத்தைக் கேள்வி கேட்கும் அந்த நூல், கிறித்தவக் கல்லூரி ஆங்கிலத் துறைகளிலும் நடத்தப்படுகிறது. விருதுநகர் மாவட்டத்துப் பேச்சுத்தமிழில் எழுதிய புத்தகத்தை அதே வட்டாரத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்துத் தேர்வு எழுதுகிறார்கள். கெட்டிக்கார மாணவர் நூலகத்தில் தமிழ்ப் பிரதியையும் எடுத்து வைத்துக்கொண்டு, எந்த வசவு ஆங்கிலத்துக்குப் போகும்போது காரம் குறைந்தது என்று தேடுவார். ஆய்வேட்டுக்கு அதுவே நல்ல தலைப்பு.

படித்துவிட்டு என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை முன்பைவிட நீண்டிருக்கிறது. பி.எட். முடித்துப் பள்ளி, நெட் அல்லது செட் எழுதிக் கல்லூரி என்பவை பழைய வழிகள். பதிப்பகம், பத்திரிகை, விளம்பரம், திரைப்படங்களுக்குச் சப்டைட்டில், நிறுவனங்களுக்கு உள்ளடக்கம் எழுதுவது என்று இப்போது வேறு கதவுகளும் உண்டு. இவற்றில் பாதிக்கு மேல் இரண்டு மொழியும் கைவந்தவரைத்தான் கேட்கின்றன.

ஆகவே சேரப் போகிறவர்கள் கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காமல், துறையின் பாடத்திட்டத்தை இணையத்தில் இறக்கிப் படிப்பது நல்லது. மொழிபெயர்ப்புத் தாள் விருப்பப் பாடமாக ஓரத்தில் இருக்கிறதா, முதன்மைப் பாடமாக இருக்கிறதா. படைப்பெழுத்துக்கு மதிப்பெண் உண்டா. நூலகத்தில் தமிழ் அலமாரி ஆங்கிலத் துறை மாணவருக்கும் திறந்திருக்கிறதா. மாணவர்கள் எழுதியதை அச்சிட ஓர் இதழ் நடக்கிறதா என்று மூத்த மாணவர் ஒருவரிடம் விசாரித்தால் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும்.